இரண்டு குரல், ஒரு படம்: வானொலியில் சினிமா பேசுவது எப்படி?

இரண்டு நண்பர்கள் வானொலி நிலையத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த வாரம் பார்த்த ஒரு படத்தையோ டிவி தொடரையோ பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள். ஒருவருக்குப் பிடித்திருக்கிறது, மற்றவருக்குப் பாதிதான் பிடித்திருக்கிறது. கேட்கிறவருக்கு இது டீக்கடை அரட்டை போலத் தோன்றும். நிகழ்ச்சி நன்றாக அமைந்தால் அப்படித்தான் தோன்றவும் வேண்டும். ஆனால் அந்த அரட்டைக்குள் கட்டுக்கோப்பான ஒரு வேலை நடக்கிறது. கல்லூரி வானொலியிலோ ஆகாசவாணியின் இளைஞர் நிகழ்ச்சியிலோ பேச ஆசைப்படும் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த வேலையைப் புரிய வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், யார் கேட்கிறார்கள் என்று பார்ப்போம். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. ஒரு மாவட்டத்தின் பேச்சை அந்த மாவட்டத்துக்கே ஒலிபரப்புவது என்ற ஏற்பாடு நாட்டிலேயே முதலில் நடந்தது நம் ஊரில் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கேட்கிறவர்கள் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்து கேட்பவர்கள் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடித்து வருகிறவர், முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கிற அக்கா, ஈத்தாமொழியில் கயிறு திரிக்கிறவர், மார்த்தாண்டத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர், அடுப்படியில் நிற்கிறவர். கையும் கண்ணும் வேறு வேலையில் இருக்கின்றன, காது மட்டும் நமக்குக் கிடைக்கிறது. அதனால் வானொலி விமர்சனம் பத்திரிகை விமர்சனத்தை வாசித்துக் காட்டுவதாக இருக்க முடியாது. பத்திரிகையில் ஒரு வரி புரியாவிட்டால் திரும்பிப் படிக்கலாம். வானொலியில் போனது போனதுதான்.

காதால் சினிமாவை அனுபவிப்பது நமக்குப் புதிதும் இல்லை. ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் ஒரு மணி நேர அளவுக்குச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். திரையே இல்லாமல் கதை புரியும், அழுகை வரும், சிரிப்பு வரும். கதவு திறக்கும் சத்தம், செருப்புச் சத்தம், ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருப்பது, எல்லாமே காட்சியாக மாறிவிடும். வானொலியில் படத்தைப் பற்றிப் பேச வருகிறவர் ஒரு ஒலிச்சித்திரமாவது கேட்டுவிட்டு வருவது நல்லது. எவ்வளவு சொன்னால் போதும், எவ்வளவு சொன்னால் அதிகம் என்பது அதில் தெரியும்.

சரி, ஏன் இரண்டு பேர்? ஒருவரே பேசினால் என்ன?

ஒருவர் பேசலாம். ஆனால் பத்து நிமிடம் ஒரே குரல் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தால் கேட்கிறவருக்கு அதில் இடமே இல்லை. ‘இரண்டாம் பாதி மெதுவாகப் போகிறது’ என்று அவர் சொன்னால், அதை ஏற்கலாம் அல்லது வானொலியை அணைக்கலாம், அவ்வளவுதான். ‘மெதுவாப் போகுதுன்னா எங்க வச்சு?’ என்று கேட்க ஆள் இல்லை. இரண்டாவது குரலின் வேலை அதுதான். வீட்டில் இருந்து கேட்கிறவர் கேட்க நினைத்ததை, நிலையத்துக்குள் உட்கார்ந்து கேட்பது.

இந்த முறை நம் மண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. அம்மன் கோவில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார், இடையில் ‘அப்படியா? பொறவு என்ன நடந்து?’ என்று இழுத்துவிடுவார். அந்தக் கேள்வி புலவருக்காக இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்காக. வானொலி விமர்சனத்தின் இரண்டாவது குரலும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. வில்லுப்பாட்டில் கதை எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் மறுக்கப் போவதில்லை. விமர்சனத்தில் ஆமாம் மட்டும் போட்டால் நிகழ்ச்சி செத்துவிடும். இங்கே ‘இல்ல’ என்றும் சொல்லத் தெரிய வேண்டும்.

உலக அளவில் இந்த வடிவத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து விமர்சகர்கள் இருவர், ஜீன் சிஸ்கலும் ராஜர் ஈபர்ட்டும். ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு நாளிதழ்களில் எழுதியவர்கள். 1975 முதல் தொலைக்காட்சியில் சேர்ந்து உட்கார்ந்து படங்களைப் பற்றி வாதாடினார்கள். 1999-இல் சிஸ்கல் இறக்கும் வரை அந்தக் கூட்டணி நீடித்தது. கட்டை விரலை உயர்த்தினால் பிடித்தது, தாழ்த்தினால் பிடிக்கவில்லை என்ற அவர்களுடைய அடையாளம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் நாம் அவர்களிடம் கற்க வேண்டியது அந்த விரலை இல்லை. விரல் கண்ணுக்கானது, வானொலியில் அது தெரியவும் தெரியாது. ஒருவர் பிடித்தது என்றும் மற்றவர் பிடிக்கவில்லை என்றும் சொன்ன பிறகு நடந்த வாதத்தில்தான் விமர்சனமே இருந்தது.

வானொலிக்கே உரிய உதாரணம் பிரிட்டனில் உண்டு. பிபிசி ரேடியோ 5 லைவில் 2001 முதல் 2022 வரை மார்க் கெர்மோடும் சைமன் மேயோவும் சேர்ந்து திரை விமர்சனம் செய்தார்கள். இங்கே ஏற்பாடு வேறு. கெர்மோட் விமர்சகர், மேயோ அனுபவமுள்ள வானொலி அறிவிப்பாளர். ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டு, இழுத்து, மடக்கி, நேயர்களின் கடிதங்களை வாசித்து நிகழ்ச்சியை நகர்த்துவார். ஆக, சமமான இருவர் வாதாடுவது ஒரு வகை. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்பது இன்னொரு வகை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டாவதுதான் கைக்கு அடங்கும் என்பது என் எண்ணம். வாதாடுவதற்கு இருவருக்குமே சினிமா ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். கேள்வி கேட்பதற்கு உண்மையான ஆர்வம் இருந்தால் போதும்.

இனி நண்பர்கள் இருவர் எப்படிப் பேசக்கூடாது என்று பார்ப்போம். படம் கற்பனைதான்.

“படம் எப்படி மக்கா?”

“கொள்ளாம். ஒரு தடவ பாக்கலாம்.”

“கேமரா?”

“கேமரா நல்லா இருக்கு.”

“மியூசிக்?”

“மியூசிக்கும் கொள்ளாம். ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவை.”

இதைக் கேட்ட முந்திரி ஆலை அக்காவுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் இந்தப் பதில்களை ஒட்டலாம். கேள்வி கேட்டவர் படிவம் நிரப்புகிறவர் போல வரிசையாகக் கேட்டார், மற்றவரும் அப்படியே நிரப்பிக் கொடுத்தார். இப்போது அதே படத்தை, அதே இருவர், இப்படிப் பேசினால்:

“ரெண்டாம் பாதி இழுவைன்னா, எங்க வச்சு ஒனக்குப் போரடிச்சு?”

“அப்பா ஊருக்குத் திரும்பி வந்த பொறவு. அதுவரைக்கும் அந்த வீட்டுல யாரும் சரியா வாயத் தொறக்கல. எனக்கு அது பிடிச்சிருந்து. அவரு வந்ததும் ஆளாளுக்கு நின்னு வசனம் பேசுகாவ.”

“பேசாம பின்ன? பத்து வருசம் களிச்சு வந்திருக்காரு. எங்க மாமா கல்ஃப்ல இருந்து வந்தப்போ விடிய விடியப் பேச்சுதான்.”

“அது சரி மக்கா. ஆனா உங்க மாமாகிட்ட எல்லாரும் ஒரே நேரத்துல பேசியிருப்பாவ. இதுல ஒருத்தர் முடிச்ச பொறவுதான் அடுத்தவரு வாயத் தொறக்காரு, மேடை நாடகம் மாதிரி.”

“ஆ... அது உள்ளதுதான். ஆனாலும் அந்த அம்மா பேசுன எடத்துல எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு.”

இந்த ஐந்து பேச்சில் எவ்வளவு தெரிந்துவிட்டது பாருங்கள். படம் ஒரு குடும்பத்தைப் பற்றியது, அப்பா நெடுநாள் வெளிநாட்டில் இருந்தவர், முதல் பாதி அமைதியானது, இரண்டாம் பாதி வசனமானது, வசனம் எழுதிய விதம் செயற்கையாகப் படலாம், அம்மா வேடத்தில் நடித்தவர் நன்றாகச் செய்திருக்கிறார். கேட்கிறவர் ஒரு முடிவுக்கும் வரலாம். வசனப் படம் பிடிக்கிறவர், ‘அவனுக்குப் பிடிக்கலன்னா எனக்குப் பிடிக்கும்’ என்று டிக்கெட் எடுப்பார். பிடிக்கவில்லை என்று சொன்னவருடைய பேச்சைக் கேட்டே ஒருவர் படத்துக்குப் போக முடிகிறது என்றால், அந்த விமர்சனம் காரணத்தைச் சொல்லியிருக்கிறது என்று அர்த்தம். பிடித்ததா இல்லையா என்ற முடிவு அவரவர் வீட்டில் எடுக்கப்பட வேண்டியது. நிலையத்தில் இருக்கும் இருவரும் தர வேண்டியது காரணம். கருத்து வேறுபாடு எதற்கு என்றால், ஒருவர் மறுக்கும்போதுதான் மற்றவர் காரணத்தைத் தேடி எடுக்கிறார். அதனாலேயே ஐந்துக்கு மூன்று, ஐந்துக்கு நான்கு என்று மதிப்பெண் கொடுக்கும் பழக்கத்தை வானொலிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணைச் சொன்னதும் காரணம் மறந்துபோகும்.

வேறுபாடு உண்மையாக இருக்க வேண்டும். நிகழ்ச்சி சூடாக இருக்கட்டும் என்று ‘நீ நல்லா இருக்குன்னு சொல்லு, நான் மோசம்னு சொல்றேன்’ எனப் பங்கு பிரித்துக்கொண்டு பேசினால், குரலிலேயே அது தெரிந்துவிடும். நேயர் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் எதையும் நம்ப மாட்டார். இருவருக்கும் படம் ஒரே அளவுக்குப் பிடித்திருந்தால் அதையே சொல்லுங்கள். பிடித்த காரணம் எப்படியும் வேறாகத்தான் இருக்கும், அங்கே பேச்சு தொடங்கும்.

இதற்கு ஒரு நல்ல பழக்கம், படம் பார்த்த பிறகு பதிவு வரை அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பது. தியேட்டர் வாசலிலேயே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டால், மைக் முன்னால் நடப்பது பழைய பேச்சின் நகல்தான். தனித்தனியே சிறு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளலாம். மனதில் நின்ற ஒரு காட்சி, உறுத்திய ஒரு இடம், நண்பரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி, இவை இருந்தால் போதும். முழு வாக்கியமாக எழுதாதீர்கள். எழுதினால் வாசிப்பீர்கள், வாசித்தால் பேச்சு போய்விடும்.

அடுத்து, கண்ணில் பட்டதைக் காதுக்கு மாற்றுவது. ‘ஒளிப்பதிவு அருமை’ என்பது வானொலியில் வெறும் சத்தம். ‘கடற்கரையில் நடக்கிற சண்டையில் ஆள் முகமே தெரியவில்லை, அலையும் நிழலும்தான் தெரிகின்றன, அடி விழும் சத்தம் மட்டும் கேட்கிறது’ என்று சொன்னால் குளச்சலில் வலை சரி செய்துகொண்டே கேட்கிறவருக்கு அது காட்சியாகிவிடும். நடிப்பும் அப்படித்தான். ‘வாழ்ந்திருக்கிறார்’ என்பதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்தார் என்று சொல்லுங்கள். கடன் கேட்க வந்தவர் கடைசி வரை நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார் என்றால் நடிப்பு விளங்கிவிடும்.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதில் எல்லோருக்கும் குழப்பம் உண்டு. என் கணக்கு எளிது. போஸ்டரும் டிரெய்லரும் சொன்னதைச் சொல்லலாம். படத்தின் முதல் கால் மணி, இருபது நிமிடத்தில் நடப்பதைச் சொல்லலாம். அதற்கு மேல் நடப்பதைச் சொல்ல வேண்டியிருந்தால், பெயரும் முடிவும் சொல்லாமல் அதன் தன்மையை மட்டும் சொல்ல வேண்டும். இடைவேளைக் காட்சி என்ன என்பதைச் சொல்லவே கூடாது, நம் படங்களில் பாதி உழைப்பு அங்கேதான் குவிந்திருக்கும். ‘படம் பார்க்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் உடைப்பது வானொலியில் செல்லாது. கையில் ரப்பர் பால் இருக்கிறவர் எப்படிக் காதைப் பொத்துவார்?

டிவி தொடருக்கு இந்தக் கணக்கு உதவாது. நூற்றுக்கணக்கான பகுதிகள் ஓடுகிற தொடருக்கு முதலும் முடிவும் நம் கையில் இல்லை. அதை முழுப் படம் போல எடை போட முடியாது. ஒரு வாரத்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டு பேசுவதுதான் நியாயம். இந்த வாரம் கதை நகர்ந்ததா, ஒரே சண்டை ஐந்து நாளும் ஓடியதா, பத்து நாள் விட்டுப்போன ஒருவர் இன்று பார்த்தால் புரியுமா என்று கேட்கலாம். தொடர் பார்க்கிற பெண்களைக் கிண்டல் செய்து நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. நாள்தோறும் ஒரு கதையைப் பின்தொடர்கிறவருக்கு அந்தப் பாத்திரங்களைப் பற்றி விமர்சகரைவிட அதிகம் தெரியும். இணையத் தொடர் என்றால் எத்தனை பகுதி பார்த்துவிட்டுப் பேசுகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எட்டுப் பகுதியில் மூன்று பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் தீர்ப்பு சொல்வது நேயரை ஏமாற்றுவது.

இனி, சென்னை நிலையத்தால் செய்ய முடியாத, நாம் மட்டும் செய்யக்கூடிய ஒன்று. குமரியில் நடப்பதாகச் சொல்லப்படும் படங்களில் பாத்திரங்கள் நெல்லைத் தமிழ் பேசுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஒரு ‘ஏலே’ போட்டால் தெற்கத்தி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு, விளவங்கோடு பக்கத்துப் பேச்சு வேறு, கடற்கரை ஊர்களின் பேச்சு வேறு என்பது நமக்குத்தான் தெரியும். நிகழ்ச்சியில் ஒருவர் தோவாளைக்காரராகவும் மற்றவர் களியக்காவிளைக்காரராகவும் இருந்தால், ஒரு வசனத்தை எடுத்துவைத்து ‘இத உங்க ஊர்ல எப்பிடிச் சொல்லுவாவ?’ என்று கேட்பதே ஐந்து நிமிடம் அருமையாக ஓடும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மாவட்டம் இது. இங்கே மலையாளப் படம் பார்ப்பது வேற்றுமொழிப் படம் பார்ப்பது மாதிரி இல்லை, பலருக்கு அது பக்கத்து வீட்டுக் கதை. ஒரே வாரத்தில் ஒரு தமிழ்ப் படத்தையும் ஒரு மலையாளப் படத்தையும் சப்டைட்டில் துணையில்லாமல் பார்த்துவிட்டு வந்து ஒப்பிட்டுப் பேசக்கூடிய நேயர்கள் தமிழ்நாட்டில் வேறெங்கே இவ்வளவு பேர் இருக்கிறார்கள்? இதைப் பயன்படுத்தாமல் சென்னை எஃப்.எம். பாணியைப் பிரதி எடுப்பது பெரிய நஷ்டம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், விமர்சனத்துக்காக ஒரு படைப்பின் பகுதியை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ஆனால் முழுப் பாட்டையும் போட்டுவிட்டு ‘விமர்சனம்’ என்று சொல்ல முடியாது. எதைப் போடுவதாக இருந்தாலும் நிலையப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். தணிக்கைச் சான்றிதழைக் கட்டாயம் சொல்லுங்கள். இப்போது யு/ஏ சான்றிதழே 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. நடிகரின் உடல், நிறம், சொந்த வாழ்க்கை பற்றிய பேச்சு வேண்டாம். பாத்திரத்தைப் பேசுங்கள், ஆளை விட்டுவிடுங்கள். ஓசி டிக்கெட்டில் படம் பார்த்திருந்தால் அதையும் நேயரிடம் சொல்லிவிடுவது நேர்மை.

நிலையத்துக்குள் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் முதல் நாளில் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். தலையாட்டுவது கேட்காது. நண்பர் சொன்னதை ஏற்கிறீர்கள் என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொரு வரிக்கும் ‘ம்ம்’ கொட்டினால் அது மைக்கில் முனகலாக விழும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் அளவு இடைவெளி விடுங்கள், நேருக்கு நேர் ஊதாமல் கொஞ்சம் சாய்வாகப் பேசுங்கள், இல்லாவிட்டால் ‘ப’கரம் எல்லாம் வெடிக்கும். இருவர் குரலும் ஒரே மாதிரி இருந்தால், பேச்சுக்கு நடுவே பெயர் சொல்லி அழைத்துக்கொள்வது நல்லது, யார் எந்தக் கட்சி என்று நேயருக்குத் தெரியும். படத்தின் பெயரை முதலில் ஒருமுறை சொன்னால் போதாது. நடுவில் பஸ்ஸில் ஏறியவர், இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பெயர் வர வேண்டும். ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேசுவது டீக்கடையில் அழகு, வானொலியில் இரண்டுமே கேட்காது.

நிகழ்ச்சி நான்கைந்து வாரம் ஓடியதும் நேயர்களின் பதில் வரத் தொடங்கும், கடிதமாகவோ போனிலோ வாட்ஸ்அப் குரல் பதிவாகவோ. புகழ்ந்து வருவதை ஒரு நன்றியோடு விட்டுவிடுங்கள். ‘நீங்க சொன்னது தப்பு, அந்தக் காட்சி எனக்கு ஏன் பிடிச்சுதுன்னா...’ என்று தொடங்குவதைத் தேடி எடுங்கள். அடுத்த வாரம் நிகழ்ச்சியை அதிலிருந்தே தொடங்கலாம், எழுதியவர் ஊரையும் சேர்த்துச் சொல்லி. ஏர்வாடிக்கோ திருவட்டாறுக்கோ அருமனைக்கோ ஒருமுறை பதில் சொன்னால், அடுத்த வாரம் அந்த ஊரிலிருந்து இன்னொருவர் மறுத்து எழுதுவார்.